சலவை இயந்திர நிறுவல் உயர்மட்டக் குழு

மனித குலம் செய்து முடித்த மகத்தான காரியங்களை யாராவது ஒரு நாள் பட்டியல் போடத்தான் போகிறார்கள். அதில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்த சாதனை இல்லையென்றால், அந்தப் பட்டியலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலையைக் குடைந்தவர்கள் இருக்கலாம். கடல் மேல் பாலம் போட்டவர்கள் இருக்கலாம். அவர்களெல்லாம் பதினொரு வாரத்தில் பத்தொன்பது கூட்டம் போட்டார்களா? போட்டார்கள் என்றால் குறிப்பேடு எங்கே? எங்களிடம் இருக்கிறது. நானே எழுதினேன். கோடு போட்டு, ஓரம் விட்டு, பச்சை மையில் எழுதினேன். ஒவ்வொரு கூட்டத்தின் கீழும் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். ஓர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் தொழில். அக்கா வீட்டு மாடி அறையில் 'தற்காலிகமாக' நான்கு வருடமாக இருக்கிறேன். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒரு பெரிய நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவின் துணைத்தலைவர். அவர் அங்கே என்ன திட்டமிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மேலாளருக்கும் தெரியாது என்று கேள்வி. அவ்வளவு பொறுப்பான பதவி.

நான்காவது ஆள் அத்தானின் தம்பி. அக்காவுக்குக் கொழுந்தன். வீட்டில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். குக்கர் விசிலிலிருந்து விண்கலம் வரை எல்லாவற்றையும் பழுது பார்க்கும் வீடியோவைப் பார்த்திருக்கிறார். பழுது மட்டும் பார்த்ததில்லை. வேலை செய்ய இறங்கினால் வீடியோ பார்க்க நேரம் இருக்காது என்பார். நியாயம்தானே?

பாத்ரூமுக்குள் இருந்த பழைய மெஷின் ஒரு திங்கட்கிழமை உயிரை விட்டது. புது மெஷின் வந்தது. அது கொஞ்சம் பெரிய உடம்பு. பாத்ரூம் வாசலுக்குள் நுழையவில்லை. கொண்டு வந்தவர்கள் இடது தோளைக் கொடுத்துப் பார்த்தார்கள், வலது தோளைக் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் கார் ஷெட்டில் இறக்கிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றைக்கே அக்கா ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தாள். அவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். சாணால் அளந்தார். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் பாத்ரூம். ஒரு ஓட்டை, ஒரு டேப், ஒரு டிரெயின் பைப். மூணு மணி நேர வேலைம்மா. காலையில வந்தேன்னா மத்தியானம் நீங்க துணி போட்டுடலாம்."

அத்தானின் முகம் மாறியது. யாரோ அவர் படிப்பைக் கேவலமாகப் பேசிவிட்ட மாதிரி பிளம்பரைப் பார்த்தார்.

"மூணு மணி நேரமா? எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டேப்ளர் வாங்கவே மூணு மாசம் ஆகும், தெரியுமா?"

"அப்படியா சார்? பாவம் சார் நீங்க" என்றார் பிளம்பர்.

இப்படி ஒரு பொறுப்பற்ற மனிதரிடமிருந்து வீட்டைக் காப்பாற்றத்தான் அன்று மாலையே கார் ஷெட்டில் 'சலவை இயந்திர நிறுவல் உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. அத்தான் தலைவர். நிபுணர் தொழில்நுட்ப ஆலோசகர். நான் செயலாளர். 'உயர்மட்ட' என்ற சொல் வேண்டுமா என்று நான் கேட்டேன். தாழ்மட்டக் குழு ஒன்று அமைத்தால் அதில் யாரைப் போடுவது என்று அத்தான் திருப்பிக் கேட்டார். முதல் கூட்டம் அத்துடன் இனிதே முடிந்தது.

அக்காவை ஏன் குழுவில் சேர்க்கவில்லை என்று சில அரைகுறைகள் கேட்கக்கூடும். சேர்க்க மனமில்லாமல் இல்லை. ஆனால் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவளுக்கு வேறு வேலை இருந்தது. பாத்ரூமில் எங்கள் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. குழு உறுப்பினர்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வெள்ளைச் சட்டை அணிந்து வரவேண்டும். முதல் கூட்டத்தில் மூவரும் தற்செயலாக வெள்ளையில் இருந்தோம், அந்தப் புகைப்படத்தில் ஒரு கம்பீரம் தெரிகிறது என்றார் அத்தான். நிபுணர் ஆமோதித்தார். நானும் ஆமோதித்தேன். ஆமோதிப்பது எனக்குக் கைவந்த கலை.

மூன்றாவது கூட்டத்தில் நவீன நிர்வாக முறை எங்கள் கார் ஷெட்டுக்குள் காலடி எடுத்து வைத்தது. அத்தான் ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் மூன்று கட்டங்கள்: 'செய்ய வேண்டியவை', 'செய்துகொண்டிருப்பவை', 'செய்து முடித்தவை'. முதல் கட்டத்தில் அறுபது மஞ்சள் சீட்டுகள் ஒட்டினோம். மூன்றாவது கட்டத்தில் ஒன்றே ஒன்று ஒட்டினோம். 'அட்டை மாட்டியது' என்று அதில் எழுதியிருந்தது. எங்களுக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

அந்த முறையில் எல்லோரும் நின்றுகொண்டே பேசவேண்டுமாம். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது அதன் தத்துவம். கால் வலித்தது. ஆகவே மடக்கு நாற்காலிகள் கொண்டு வரப்பட்டன. 'நின்று நடத்தும் கூட்டங்களை உட்கார்ந்து நடத்தலாம்' என்று ஒரு மனதாகத் தீர்மானித்தோம். அதற்கு ஒரு சீட்டு எழுதி மூன்றாவது கட்டத்தில் ஒட்டினோம். இரண்டாயிற்று!

ஐந்தாவது கூட்டத்தில் ஓர் இடையூறு பற்றிப் புகார் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூமில் 'தொப், தொப்' என்று ஒரே சத்தம். அத்தான் பேசும்போது முக்கியமான இடங்களில் எல்லாம் சரியாக அது குறுக்கே வந்தது.

"மாப்ளே, உங்கக்காகிட்ட போய்ச் சொல்லு. கூட்டம் நடக்கிறப்ப கொஞ்சம் மெதுவா துவைக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அக்கா வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். மூன்று வெள்ளைச் சட்டைகளின் காலர்கள் வரிசையாகக் காத்திருந்தன.

"மெதுவா துவைச்சா காலர் அழுக்கு போகாதுடா. போட்டோவுல தெரியும்னு உங்கத்தானே குதிப்பாரு. எப்படா மெஷின் ஓடும்?"

"ஆய்வுக் கட்டத்துல இருக்கோம்க்கா."

"என்ன ஆய்வு? டேப்பு வேணும், பைப்பு வேணும்."

"அதைத்தான் ஆய்வு பண்றோம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். 'ஒலி மாசு கட்டுப்படுத்தப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஏழாவது கூட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அக்காவின் வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, துணி பிழிவதை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கையால் ஊசி போடக்கூட முடியாமல் போகலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். தலைமை நர்ஸ் ஏற்கெனவே அக்காவை வார்டிலிருந்து எடுத்துப் பதிவேட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டாராம். பதினாறு வருடமாக ஊசி போட்ட கை அது. குழந்தைகள்கூட அவள் ஊசி போட்டால் அழாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

அத்தான் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வருத்தமான விஷயம். இதை நாம லேசா எடுத்துக்கக் கூடாது. மாப்ளே, எழுதிக்கோ."

எழுதினேன். 'கடிதம் பெறப்பட்டது. வாசிக்கப்பட்டது. கோப்பில் வைக்கப்பட்டது.' பிறகு தேநீர் இடைவேளை. தேநீரை அக்கா இடது கையால் கொண்டு வந்து வைத்தாள். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

பதின்மூன்றாவது கூட்டத்தன்று பிளம்பர் வேலைக்கு அனுமதிக்கப்பட்டார். நாங்கள் அன்றைய நிகழ்ச்சி நிரலை இறுதி செய்துகொண்டிருந்தபோதே அவர் சுவரைத் துளைத்து, டேப் வைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு டிரெயின் பைப்பையும் நிறுத்திவிட்டார். இரண்டே முக்கால் மணி நேரம். மூன்று மணி நேரம் என்று சொல்லிவிட்டுக் கால் மணி முன்னதாக முடித்தது திட்டமிடல் குறைபாடு என்று அத்தான் அவரைக் கண்டித்தார்.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டே வேலை சார். மெஷினோட ஹோஸ் முனையை மேல தூக்கி, இந்தப் பைப்புக்குள்ள சொருகணும். அப்புறம் பின்னாடி நாலு போல்ட் இருக்கு. வண்டியில வர்றப்ப டிரம் ஆடாம இருக்கப் போட்டது. அதைக் கழட்டணும். மறந்தீங்க, மெஷின் கூத்தாடும்."

அத்தான் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். அழுக்குத் தண்ணி மேல ஏறிப் போகணும்னா சொல்றீங்க?"

"ஆமா சார். உள்ள பம்ப் இருக்கு, அது தள்ளிடும். ஹோஸைக் கீழ போட்டீங்கன்னா உள்ள விடுற தண்ணி நிக்காது. விட விட வெளிய போயிட்டே இருக்கும்."

நிபுணர் சிரித்தார். அறிவாளிகள் மட்டுமே சிரிக்கும் சிரிப்பு. "அண்ணா, தண்ணி மேலேருந்து கீழதான் வரும். நான் அருவி வீடியோ மட்டும் நூறு பார்த்திருக்கேன். ஒண்ணுலகூட மேல ஏறல."

இவ்வளவு பெரிய கருத்து வேறுபாட்டை எப்படித் தீர்ப்பது? நாகரிகமான மனிதர்கள் எப்படித் தீர்ப்பார்களோ அப்படித்தான். வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்குப் பூஜ்யம். தீர்மானம் நாற்பத்தொன்று: 'இவ்வீட்டில் தண்ணீர் மேல்நோக்கிச் செல்லாது.' ஹோஸை ஷெட்டின் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டையிலேயே விடுவது என்று முடிவாயிற்று.

"அந்த நாலு போல்ட்டு?" என்று நான் நினைவூட்டினேன்.

"கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதை நாம ஏன் கழட்டணும்? நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் அத்தான். தீர்மானம் நாற்பத்திரண்டு: 'நான்கு போல்ட்டுகளும் பதவியில் தொடரும்.'

பிளம்பர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரிதான் சார். தண்ணிகிட்ட ஓட்டுக் கேட்டீங்களா?"

இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்காக அவர் அந்தக் கணமே 'நன்றியுடன் விடுவிக்கப்பட்டார்'. அக்கா அவரை வாசல் வரை கொண்டு விட்டாள். அங்கே இருவரும் ஏதோ பேசினார்கள். அவர் பையிலிருந்து எதையோ எடுத்து அவளிடம் கொடுத்தார். அது கூட்டத்துக்கு வெளியே நடந்ததால் குறிப்பேட்டில் பதியவில்லை.

மெஷின் தயார். தண்ணீர் தயார். அன்று மாலையே அக்கா ஒரு கூடை துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை போட்டுக்கட்டுமா? பெட்ஷீட்டெல்லாம் பிழிய முடியல."

அத்தான் பதறிப்போனார். "என்ன பேசற நீ? திறப்பு விழா நடக்காத பாலத்துல யாராவது வண்டி ஓட்டுவாங்களா?"

"ஓட்டினா என்ன ஆகும்?"

"திறப்பு விழாவுக்கு மதிப்பே இருக்காது!"

அக்கா கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மெஷினைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினோம். விழாவுக்கு யாரை அழைப்பது என்று ஒரு கூட்டம். அத்தானின் மேலாளரை அழைப்பது என்று முடிவானதும், அவருக்கு எந்த ஞாயிறு வசதி என்று இரண்டு கூட்டம். ரிப்பனை வெட்டும் கத்திரிக்கோலை எந்தத் தட்டில் வைப்பது என்று இரண்டு கூட்டம். எல்லாம் வெள்ளைச் சட்டையில். அந்த மூன்று வாரமும் பாத்ரூம் கதவு சாத்தியே இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை.

விழா நாள் வந்தது. அதுவே பத்தொன்பதாவது கூட்டம். மேலாளர் கோட்டு சூட்டில் வந்து மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். அத்தான் முக்கால் மணி நேரம் பேசினார். நிபுணர் தொழில்நுட்ப உரை ஆற்றினார். அக்காவின் இரண்டு நர்ஸ் உடைகளும், பதினெட்டாவது கூட்டத்தின் மூன்று சட்டைகளும் மெஷினுக்குள் வைக்கப்பட்டன. மேலாளர் ரிப்பனை வெட்டிப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் சலசலவென்று உள்ளே பாய்ந்தது. கைதட்டினோம்.

பாய்ந்தது, பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது. உள்ளே போன தண்ணீர் எல்லாம் ஹோஸ் வழியாக இறங்கித் தரை ஓட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். துணி ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

"எப்ப சுத்தும்?" என்று கேட்டார் மேலாளர்.

"புது மெஷின் சார். முதல்ல வாய் கொப்பளிக்கும்" என்றார் நிபுணர்.

முப்பது நிமிடம் ஆனது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தானுக்கு வியர்த்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் தாங்கமாட்டார். சட்டென்று மெஷினின் திருகைத் துணி பிழியும் இடத்துக்குத் திருப்பினார்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஒரு உதறல். அப்புறம் பாருங்கள், அடேயப்பா! எண்பது கிலோ எடை, பதவியில் தொடரும் நான்கு போல்ட்டுகள், ஒரு குதி குதித்தது. 'டங் டங் டங்' என்று தரையை அறைந்துகொண்டு மேலாளரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மேலாளர் பின்வாங்கினார். மெஷின் முன்னேறியது. அவர் இடப்பக்கம் போனார். அதுவும் இடப்பக்கம் போனது.

"மாப்ளே, பிடிடா! கட்டுப்பாட்டை மீறுது!" என்று அலறிக்கொண்டு அத்தான் அதைக் கட்டிப் பிடித்தார். இப்போது இருவரும் சேர்ந்து குதித்தார்கள். நான் அத்தானைப் பிடித்தேன். மூவரும் குதித்தோம். எனக்குப் பல் கிடுகிடுத்தது, கையில் இருந்த குறிப்பேடு கிடுகிடுத்தது. சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

"டேய், ஏதாவது பண்ணுடா!"

"பார்த்துட்டே இருக்கேண்ணா! 'மெஷின் ஆடினால் என்ன செய்வது'ன்னு வீடியோ கிடைச்சிருச்சு. விளம்பரம் ஓடுது. அஞ்சே செகண்ட்!"

அந்த ஐந்தாவது செகண்டில் தண்ணீர் வரும் குழாய் டேப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பீய்ச்சியடித்தது பாருங்கள், மேலாளரின் கோட்டு, அத்தானின் கண்ணாடி, நிபுணரின் போன், எதுவும் பாக்கியில்லை. சுவர் அட்டை சரிந்து விழுந்தது. மஞ்சள் சீட்டுகள் மிதந்தன. 'செய்ய வேண்டியவை' எல்லாம் வரிசையாக ஓட்டையை நோக்கிப் போயின. அவ்வளவு வேகமாக அவை நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விழா முடிந்ததும் தேநீர் மேஜைக்கு விரிக்க வேண்டிய துணியைப் பாத்ரூமில் துவைத்துக்கொண்டிருந்தாளாம். எங்களைத் தாண்டிப் போய் டேப்பை மூடினாள். பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் நின்றது. அதைக் கட்டிக்கொண்டிருந்த அத்தான் மட்டும் இன்னும் இரண்டு தடவை குதித்துவிட்டு நின்றார்.

அக்கா இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தாள். பிளம்பர் கொடுத்தது. மெஷினை எங்கள் மூவரையும் தள்ளச் சொல்லிப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தாள். இடது கையால் நான்கு போல்ட்டையும் கழற்றி அத்தானின் சட்டைப் பையில் போட்டாள். ஹோஸ் முனையைத் தூக்கி, இடுப்பு உயரப் பைப்புக்குள் சொருகினாள். குழாயை மாட்டினாள். டேப்பைத் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

தண்ணீர் வந்தது. நின்றது. துணி மெதுவாக ஒரு பக்கம் சுற்றியது. யோசித்தது. மறு பக்கம் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அழுக்குத் தண்ணீர் எந்தத் தீர்மானத்தையும் மதிக்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏறிப் போனது. அக்கா செய்த வேலைக்கு ஆன நேரம் பன்னிரண்டு நிமிடம்.

மேலாளர் கோட்டைப் பிழிந்துகொண்டே அத்தானின் தோளில் தட்டினார். "பிரமாதமான குழு முயற்சி. ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒரு குழு போடணும். வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." பிறகு அக்காவிடம் போனை நீட்டினார். "அம்மா, எங்களை ஒரு படம் எடுத்துக் குடுங்க."

அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு, மெஷின் ஓடி முடிக்கும் வரை அக்கா ஷெட்டில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். சில இடங்களில் சிரித்தாள். ஏழாவது கூட்டத்தில் சிரிக்கவில்லை.

"நல்லாத்தாண்டா எழுதியிருக்க. பத்தொன்பது கூட்டம். ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. மூணு பேரு. எவ்வளவு ஆச்சு?"

"ஐம்பத்தேழுக்கா."

"ஐம்பத்தேழு சட்டை. அதை யாரு துவைச்சான்னு இதுல எங்க எழுதியிருக்க?"

தேடினேன். டேப்பின் அளவு இருந்தது. தட்டின் நிறம் இருந்தது. யார் யார் எப்போது கொட்டாவி விட்டார்கள் என்பதுகூட இருந்தது.

"அந்தப் பொருள் குழுவுல விவாதத்துக்கு வரலைக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் குறிப்பேட்டை என் மடியில் வைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டே மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு கூட்டத்தின் கீழும் நாங்கள் மூவரும் கம்பீரமாக நிற்கிறோம். அத்தான் சொன்னது சரிதான், வெள்ளைச் சட்டை படத்தில் எடுப்பாகத்தான் இருக்கிறது. எந்தப் படத்திலும் எங்கள் மேல் ஒரு கறைகூடத் தெரியவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவ்வளவு நன்றாகத் துவைத்திருக்கிறாள்.